சிவப்பு நூலைத் தொடாத பாதரசம்

நீலசந்திராவில் அந்த நாளில் மூன்று அல்போன்சாக்கள் இருந்தார்கள். மீன் விற்றவள் மீன் அல்போன்சா. கோயிலைப் பெருக்கியவள் கோயில் அல்போன்சா. மூன்றாமவள் வெந்நீர் அல்போன்சா. கன்டோன்மென்டில் இருந்த ஒரு சின்னப் பிரசவ விடுதிக்குத் தினமும் காலையில் நடந்துபோய், பின்கட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைப்பது அவள் வேலை. அந்த விடுதியில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தொப்புள்கொடி வெட்டிய கத்தரிக்கோல் அவள் அண்டாவில் வெந்த கத்தரிக்கோல்தான். ஆனாலும் பிரசவ அறைக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. வாசல்படி வரைக்கும் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். உள்ளிருந்து ஒரு கை வந்து வாளியை எடுத்துக்கொள்ளும். அந்தக் கை யாருடையது என்று வளையலை வைத்துச் சொல்லிவிடுவாள்.

அவள் தகப்பன் குதிரைப் பட்டாளத்துக்குப் புல் அறுத்தவர். பிளேக் வந்த வருஷம் போய்விட்டார். மூன்றாம் வகுப்போடு அல்போன்சாவின் படிப்பு நின்றது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எண்கள் தெரியும், ஆனால் நூறுக்கு மேல் போனால் கொஞ்சம் தயங்கி நிற்பாள். பதினாறு வயதில் மைக்கேல்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் சூளை என்ற பகுதியில் ஒரு ரொட்டிக் கிடங்கில் அடுப்புக்காரன். ராத்திரி வேலை, பகல் தூக்கம். ஒரே மகள் கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அல்போன்சாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஏதாவது கேட்டால் முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகம் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதையே சொல்லிவிடுவாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற கூச்சம்தான். வேலையில் சேர்ந்து பதினான்கு வருஷம் இது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

அத்தனை வருஷமும் அவள் தண்ணீர் கொதிக்க வைத்த விதம் இது. பத்து காலன் பிடிக்கிற செப்பு அண்டா. அதற்குள் கம்பிக் கூடையில் கருவிகள். தண்ணீர் தளதளவென்று குமுறத் தொடங்கியதும் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலையை எடுப்பாள். ஐம்பத்து மூன்று மணி ஜெபம் முடிந்ததும் கூடையை இறக்குவாள். பழைய டாக்டரம்மா வெள்ளைக்காரி. ஒருநாள் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்து, சிரித்துவிட்டு, சரி என்று சொல்லிப் போனவள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

1934-ஆம் வருஷம் ஜூன் மாதம் மெட்ராஸிலிருந்து புது மேட்ரன் வந்தாள். பெயர் யூனிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மடிப்புக் கலையாது. வந்த இரண்டாம் நாளே பின்கட்டுக்கு வந்துவிட்டாள்.

"இது என்ன?" என்றாள், அல்போன்சாவின் கையைப் பார்த்து.

"ஜெபமாலைங்கம்மா."

"அது தெரியுது. அடுப்புக்கிட்ட எதுக்கு?"

"நேரம் பாக்கறதுக்குங்கம்மா. அம்பத்து மூணு மணி முடிஞ்சா எறக்கிடுவேன்."

"நீ அவசரமா சொல்ற அன்னிக்கு என்ன ஆகும்?"

பதினான்கு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அல்போன்சா யோசித்தாள். "அவசரமா சொல்லக் கூடாதுங்கம்மா. பாவம்."

யூனிஸ் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு கடிகாரத்தைச் சுவரில் மாட்டினாள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். முழங்கை நீளக் கண்ணாடிக் குச்சி, உள்ளே வெள்ளிக்கோடு போலப் பாதரசம். அண்டாவின் விளிம்பில் கொக்கி வைத்துத் தொங்கவிட வேண்டும். மெட்ராஸில் அச்சடித்த விதித்தாளைப் பார்த்து, பாரன்ஹீட் 212 என்ற எண் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினாள்.

"பாதரசம் இந்த நூலைத் தொடணும். தொட்டப்புறம் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். தொடறதுக்கு முன்னாடி கூடையை எடுத்தேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம். கருவி சரியா கொதிக்கலேன்னா தாய்க்குக் காய்ச்சல் வரும். புரியுதா?"

"புரியுதுங்கம்மா."

அடுத்த நாள் அல்போன்சா அடுப்பை மூட்டினாள். பாதரசம் சமர்த்தாக ஏறியது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. அரை மணி நேரத்தில் தண்ணீர் குமுறத் தொடங்கியது. பாதரசம் நூலுக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. அல்போன்சா குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான். இரண்டு கட்டையைச் சொருகினாள். தண்ணீர் அண்டாவுக்கு மேலே துள்ளியது. பாதரசம் அசையவில்லை. விசிறினாள். கண் எரிந்து மூக்கு ஒழுகியது. தண்ணீர் என்னமோ பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது, பாதரசம் மட்டும் பூசைக்கு நிற்கிறவர் மாதிரி அசையாமல் நிற்கிறது.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வற்றிக் கூடையின் மேல் கம்பி தெரிந்தது. கருவிகள் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும் என்பதும் விதி. சீமெண்ணெய் டின்னில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஊற்ற ஊற்றப் பாதரசம் இறங்கி, மறுபடி ஏறி, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். யூனிஸின் குரல் கேட்டது. "அல்போன்சா! நூலைத் தொட்டுதா இல்லையா?"

அல்போன்சா திரும்பினாள். கதவிடுக்கில் யூனிஸின் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்கு ஒரே ஒரு பதில்தான் தேவைப்பட்டது.

"தொட்டுடுச்சுங்கம்மா."

மறுநாளும் தொடவில்லை. மறுநாளும் அதே பதிலைச் சொன்னாள். அதற்கடுத்த நாள், இன்றைக்காவது மெய்யாகவே தொட்டுவிடும் என்று இன்னும் அரை மணி கூடுதலாக எரித்தாள். மூன்று மாதம் இப்படியே போனது. விறகு ஈரமோ என்று வெயிலில் காயப்போட்டாள். அண்டாவுக்கு மூடி போட்டுப் பார்த்தாள். தெர்மாமீட்டரை இந்தப் பக்கம் தொங்கவிட்டாள், அந்தப் பக்கம் தொங்கவிட்டாள். ஒருநாள் அடி வரைக்கும் முக்கிப் பார்த்தாள். மெட்ராஸில் தொடுகிறது, அச்சடித்தே போட்டிருக்கிறார்கள். தன் கையில் மட்டும் ஏன் தொடவில்லை என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மைக்கேல்ராஜ் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒருநாள் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னாமே இது, அந்தக் கண்ணாடி புராட்டஸ்டன்டு ஜாதியா இருக்கும்மே. மேட்ரன் கொண்டாந்தது இல்ல? ஜெபமாலைக்காரி கையில ஏறமாட்டேங்குது."

"நீ ஒண்ணு. நானே பயந்துகினு கெடக்கறேன்."

"நாங்க ஓவனுக்குள்ள ஒரு பிடி மாவை எறிவோம். செவந்தா ரொட்டி போடுவோம், கருகுனா கதவைத் தொறந்து வெப்போம். கண்ணாடியாம், நூலாம்! தண்ணி கொதிக்கிது உன் கண்ணுக்குத் தெரியுதா இல்லியா?"

"தெரியுதே."

"அப்புறம் இன்னா?"

அதுதான் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

கொதிக்கிற தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியாதவர்கள் அந்த விடுதியில் யாரும் இல்லை. யூனிஸும் எத்தனையோ தரம் பின்கட்டைக் கடந்து போனாள். ஆனால் தாளில் 212 என்று இருந்தது, நூலைத் தொட்டது என்று அல்போன்சா சொன்னாள். ஆகவே யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு விறகு விஷயம் எழுந்தது. முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு வண்டி விறகு போதும். யூனிஸ் வந்த பிறகு அதே இரண்டு மாதத்தில் மூன்றாவது வண்டியும் வந்து இறங்கியது. ஸ்டோர் வெங்கடகிருஷ்ணன் அதைக் கவனித்தார். நாமம், கோட்டு, தலைப்பாகை. இன்டர்மீடியட் வரைக்கும் படித்தவர். படித்த பௌதிகத்தைச் செலவழிக்க இடமில்லாமல் பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சையும் சோப்பையும் எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது வாய்ப்பு வந்துவிட்டது. ஒரு தாளில் கணக்குப் போட்டு, செப்டம்பர் மாதத்துக்கு முன்னூறு ராத்தல் சவுக்கு விறகு நிறுத்து அடுக்கி வைத்தார். ஒரு நாளைக்குப் பத்து ராத்தல்.

முன்னூறு ராத்தலும் எட்டே நாளில் தீர்ந்துபோயின.

ஒன்பதாம் நாள் காலை மேட்ரனின் அறையில் அல்போன்சாவை நிறுத்தினார்கள். வெங்கடகிருஷ்ணன் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"மேடம், இதுல சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு ராத்தல் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட் உஷ்ணம். அண்டாவுல பத்து காலன், அதாவது நூறு ராத்தல் தண்ணி. குழாய்த் தண்ணி எழுபது டிகிரி. இருநூத்திப் பன்னெண்டுக்குப் போகணும்னா நூத்தி நாப்பத்திரண்டு டிகிரி ஏறணும். நூறை நூத்தி நாப்பத்திரண்டால பெருக்கினா பதினாலாயிரத்து இருநூறு யூனிட். ஒரு ராத்தல் சவுக்கு ஆறாயிரம் யூனிட் குடுக்கும். முக்கால்வாசி புகையோட போயிடறதுன்னு தாராளமா விட்டாலும், ஆயிரத்தைந்நூறு தண்ணிக்குள்ள இறங்கும். வகுத்தா ஒன்பதரை ராத்தல். நான் பத்துன்னு குடுத்திருக்கேன். இவ நாப்பது எரிக்கறா. பாக்கி முப்பது ராத்தல் எங்கே போறது?"

யூனிஸ் அல்போன்சாவைப் பார்த்தாள். "எங்க போகுது?"

"அடுப்புக்குத்தாங்கம்மா."

"இவ புருஷன் என்ன பண்றான்னு கேளுங்கோ," என்றார் வெங்கடகிருஷ்ணன். "ரொட்டி அடுப்பு எரிக்கறான்."

அல்போன்சாவுக்குக் காது சூடேறியது. தலைச்சுமையாகத் தினமும் முப்பது ராத்தல் விறகைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டினால் யாருக்குத்தான் தெரியாது? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் யூனிஸ் முந்திக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு டாக்டரம்மா வர்றாங்க," என்றாள் யூனிஸ். "அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். தெரியலேன்னா நீ வேலையில இல்லை. விறகு திருடினதாத்தான் எழுதுவேன். உன் புருஷன் வேலை செய்யற எடத்துக்கும் சொல்லி அனுப்புவேன்."

மைக்கேல்ராஜ் அதைக் கேட்டதும் பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"எங்க கெடங்குல வந்து பாக்கச் சொல்லு! மொதலாளி வண்டி வண்டியா வேப்பங்கட்டை எறக்கறான். உங்க ஆஸ்பத்திரிச் சவுக்கு எங்களுக்கு எதுக்கு? ஒரு தட்டு ரொட்டிக்குக்கூட பத்தாது."

"ஏய்யா கத்தற? நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு இன்னா ஆவும்? அந்த நாமக்காரர் கணக்கு வெச்சிருக்காரே. நீ இன்னா வெச்சிருக்கே?"

அல்போன்சா அடுப்பங்கரைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடமும் ஒன்று இருந்தது. பாதரசம் நூலைத் தொடவில்லை, அதனால்தான் எரித்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் விறகு எங்கே போனது என்பதற்குப் பதிலாகிவிடும். ஆனால் அதைச் சொன்னால் மூன்று மாதமாகத் தினம் ஒரு பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். நூலைத் தொடாமல் கூடையை எடுத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று மேட்ரன் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை போகிறது.

"சொல்லாதே," என்றான் மைக்கேல்ராஜ். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, சொல்லிடு," என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணும் புரியலமே," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் விடிந்ததும் அல்போன்சா நேராக மேட்ரனின் அறை வாசலுக்குப் போய் நின்றாள். அன்றைக்கு மட்டும் யூனிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு பதில் வந்துவிடும் என்று பயம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நூலைத் தொடலைங்கம்மா."

"என்ன?"

"பாதரசம். ஒரு நாளும் தொட்டதில்லைங்கம்மா. நான்தான் தொட்டுச்சுன்னு சொன்னேன். தொடும் தொடும்னு எரிச்சதுலதான் வெறகு போச்சு."

யூனிஸ் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். "மூணு மாசமாவா?"

"ஆமாங்கம்மா."

"ஒரு நாள்கூட இல்லையா?"

"ஒரு விரற்கடை கம்மியாவே நிக்குதுங்கம்மா."

விறகைக் காட்டிலும் பெரிய விபரீதமாக அது யூனிஸுக்குப் பட்டது. கொதிக்காத கருவிகளை வைத்து மூன்று மாதம் பிரசவம் பார்த்துவிட்டோமா? உடனே வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் கேட்டுவிட்டு இலேசாகச் சிரித்தார்.

"சுத்தப் பொய் மேடம். நாப்பது ராத்தல் சவுக்கை எரிச்சும் தண்ணி கொதிநிலைக்கு வரலைன்னா பௌதிகத்தையே மாத்தி எழுதணும். நானே உக்காந்து எரிச்சுக் காட்டறேன். பத்து ராத்தல்ல முடிச்சுடறேன், பாருங்கோ."

பின்கட்டுக் கதவைத் தாளிட்டார்கள். தராசில் நாற்பது ராத்தல் நிறுத்து வைத்தார்கள். பத்து போதும், சும்மா இருக்கட்டும் என்றார் வெங்கடகிருஷ்ணன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சீமெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. அல்போன்சா சுவரோரம் நின்றுகொண்டாள்.

பாதரசம் வழக்கம்போல் ஏறியது. வழக்கம்போல் குமுறல். வழக்கமான இடத்தில் நின்றது.

"இதோ இப்ப ஏறிடும்," என்றார் வெங்கடகிருஷ்ணன்.

பத்து நிமிஷம் ஆனது.

"கட்டை ஈரம் போல இருக்கு."

"காயப்போட்டதுங்க சார்," என்றாள் அல்போன்சா மெதுவாக.

அவர் நாலு கட்டையைச் சேர்த்து வைத்தார். தலைப்பாகையைக் கழற்றினார். விசிறியைப் பிடுங்கிக்கொண்டு விசிறினார். புகையில் இருமினார். "சனியன், ஏறித் தொலையேன்!" என்றார் அண்டாவைப் பார்த்து. கன்னடத்திலும் ஏதோ சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஏறவில்லை. தண்ணீர் வற்றியது. "ஊத்தும்மா ஊத்து, கூடை தெரியறது," என்று அவரே பதறினார். தெர்மாமீட்டர்தான் பழுது என்று முடிவுகட்டி, பால் சோதிக்கிற அறையிலிருந்து இன்னொன்றை ஜன்னல் வழியாக வரவழைத்தார். அதுவும் இருநூற்று ஆறுக்கு ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. இரண்டு கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில்.

வெங்கடகிருஷ்ணன் முக்காலியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அல்போன்சாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் தான் உட்கார்ந்த இடத்தில், தான் வைத்திருந்த அதே முகத்தை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "மேடம்! இந்த விதியை எங்கே அச்சடிச்சா?"

"மெட்ராஸ்ல."

"மெட்ராஸ் சமுத்திரக்கரை. நாம மூவாயிரம் அடி மேல இருக்கோம். உசரம் போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும். இந்த ஊர்ல தண்ணி இருநூத்தி ஆறு சொச்சத்துலயே கொதிக்கும். அதுக்கு மேல எத்தனை காடு எரிச்சாலும் ஏறாது. படிச்சிருக்கேனே! பரீட்சைலகூட வந்ததே!"

அல்போன்சா முதன்முறையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டாள். "தண்ணிக்கு எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியுங்களா சார்?"

"தண்ணிக்குத் தெரியாது. காத்துக்குத் தெரியும்," என்றார் அவர். அவளுக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது.

அவர் சிவப்பு நூலை அவிழ்த்து இருநூற்று ஆறில் கட்டினார். பிறகு பென்சிலை எடுத்து வேகமாகக் கணக்குப் போட்டவர், பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது.

"ஆனா மேடம், இதுல ஒரு சிக்கல் இருக்கு. இருநூத்தி ஆறு போதும்னா ஆறு டிகிரி மிச்சம். ஒன்பது ராத்தலே தாராளம். அப்ப இவ எடுத்தது முப்பது இல்லை, முப்பத்தொண்ணு."

நியாயம் வந்துவிட்டது என்று அல்போன்சா நினைத்த இடத்தில் இன்னும் ஒரு ராத்தல் கூடிவிட்டது.

யூனிஸ் தராசுப் பக்கம் பார்த்தாள். நாற்பது ராத்தல் அடுக்கியிருந்த இடத்தில் ஒரே ஒரு மெல்லிய கட்டை கிடந்தது. கதவு இன்னும் தாளிட்டபடி இருந்தது.

"வெங்கடகிருஷ்ணன்," என்றாள், "அந்த முப்பத்தொரு ராத்தலை நீங்க எந்த வழியா வீட்டுக்கு அனுப்பினீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தன் கையாலேயே எரித்திருக்கிறார். கணக்குப்படி அது எரிந்திருக்கவே கூடாது.

அப்புறம் அவர் கண் காலி டின்னில் போய் விழுந்தது.

"இதுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

"நாலு காலனுங்க சார். தெனம் ஒரு டின் ஊத்துவேன்."

"நாலு காலன், நாப்பது ராத்தல். அண்டா இப்பவும் நிறைஞ்சபடி இருக்கு. அப்ப நாப்பது ராத்தல் தண்ணி எங்கே?"

அவளுக்குப் பயம் வந்தது. தண்ணீரையும் திருடினாள் என்று சொல்லப்போகிறாரோ? மேலே கூரையைக் கை காட்டினாள். ஓட்டின் அடியெல்லாம் நீர்த்துளி கோத்து நின்றது. "ஆவியாப் போச்சுங்க."

"ஆவி!" என்று கத்தினார். "லேட்டன்ட் ஹீட்! அதை விட்டுட்டேனே!"

அந்த மறைவெப்பத்தைப் பற்றி அவர் யூனிஸுக்குச் சொன்னதை அல்போன்சா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கொதிக்கிற வரைக்கும் ஒரு ராத்தல் தண்ணீர் ஒரு டிகிரிக்கு ஒரு யூனிட் வாங்கிக்கொள்ளும். கொதிநிலைக்கு வந்த பிறகு அந்த ஒரு ராத்தல் ஆவியாக மாறத் தொள்ளாயிரத்து எழுபது யூனிட் தின்னும். தின்பது கண்ணாடியில் தெரியாது. பாதரசம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"போட்டுப் பாருங்கோ. அண்டாத் தண்ணி நூத்தி முப்பத்தாறு டிகிரி ஏற பதிமூவாயிரத்து அறுநூறு. டின் தண்ணிக்கும் அதே டிகிரி, ஐயாயிரத்து நானூத்தி நாப்பது. நாப்பது ராத்தல் ஆவிக்கு முப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் ஐம்பத்தேழாயிரத்து எண்ணூத்தி நாப்பது. ஆயிரத்தைந்நூறால வகுத்தா…" பென்சில் முனை ஒடிந்தது. "முப்பத்தெட்டரை ராத்தல்!"

மிஞ்சிய கட்டையைத் தராசில் போட்டார்கள். ஒரு ராத்தலுக்குச் சற்று மேல் இருந்தது.

யூனிஸ் தாளை வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். அல்போன்சாவின் பக்கம் திரும்பி, "உனக்கு இது புரியுதா?" என்றாள்.

அல்போன்சா முகத்தைப் பார்க்காமல் யோசித்தாள். "இல்லைங்கம்மா. நெருப்பைத் தின்னுட்டு சூடு ஏறலைன்னா எப்படின்னு…" என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு வலது முழங்கைக்குக் கீழே இருந்த பழைய தழும்பைத் தடவினாள். "ஆனா கொதிக்கிற தண்ணி பட்டா கொப்புளத்தோட போயிடும். ஆவி அடிச்சா தோலே வந்துடும். ரெண்டும் ஒரே சூடுன்னு கண்ணாடி காட்டும். அது இதனாலங்களா?"

வெங்கடகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதேதான்," என்றார். "தோல்ல பட்டுத் தண்ணியாறபோது அந்தத் தொள்ளாயிரத்து எழுபதையும் திருப்பிக் குடுத்துடும்." பிறகு தலைப்பாகையை எடுத்துச் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "நான் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

விறகுப் பழி இல்லை என்றாகிவிட்டது. யூனிஸுக்கும் மூச்சு திரும்பியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் குமுறிய தண்ணீரில் வெந்த கருவிகளால் யாருக்கும் கெடுதல் வந்திருக்க முடியாது. ஆனால் அவள் கதவைத் திறந்துவிட்டு அல்போன்சாவின் எதிரே வந்து நின்றாள்.

"விறகு விஷயம் சரி. மத்ததுக்கு என்ன சொல்றே? தொடலைன்னு மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே இது தெரிஞ்சிருக்கும். எண்பது தொண்ணூறு பொய். என்கிட்ட. பிரசவ ஆஸ்பத்திரியில. நான் உன்னை எப்படி வெச்சுக்கறது?"

"தெரியலைங்கம்மா."

"டாக்டரம்மா இப்ப வந்துடுவாங்க. நான் யோசிச்சுப் பாத்தேன், அல்போன்சா. என் முடிவு என்னன்னா…"

வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. ஒரே கூக்குரல். இரட்டைப் பிள்ளையாம், வண்டியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டதாம். யூனிஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற வேகத்தில் திரும்பி, "வெந்நீர்! கூடை!" என்று கத்தினாள்.

யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று சொல்லவில்லை. அங்கே இருந்தது வெங்கடகிருஷ்ணனும் அல்போன்சாவும்தான். அல்போன்சா கூடையைத் தூக்கினாள். வாளி வாளியாகக் கொண்டுபோய் வாசல்படியில் வைத்தாள். வளையல் இல்லாத யூனிஸின் கை வந்து வந்து எடுத்துக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் அண்டா காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டும் பெண் குழந்தைகள். டாக்டரம்மா வந்தாள், போனாள். யூனிஸ் அவளோடேயே பேசிக்கொண்டு போய்விட்டாள்.

அல்போன்சா அடுப்பை அவித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனாள்.

"வேலை இருக்கா, போச்சா?" என்றான் மைக்கேல்ராஜ்.

"தெரியல."

"இன்னாமே தெரியல? அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"முடிவு என்னன்னான்னு சொன்னாங்க. சொல்றதுக்குள்ள இரட்டைப் புள்ளை பொறந்துடுச்சு."

மைக்கேல்ராஜ் வாசலைக் காட்டினான். "போயி கேட்டுட்டு வா."

"கேட்டா சொல்லிடுவாங்களே," என்றாள் அல்போன்சா.

மறுநாள் காலையில் போனாள். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. விறகு இருபது ராத்தல் நிறுத்து வைத்திருந்தது. அடுப்பை மூட்டினாள். யூனிஸ் கடந்து போனாள், தெர்மாமீட்டரைக் குனிந்து தானே பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அன்றிலிருந்து யூனிஸ் அவளிடம் எதையும் கேட்பதே இல்லை, தானே வந்து பார்ப்பாள். அது தண்டனையா இல்லையா என்று அல்போன்சா பல நாள் யோசித்தாள். மேட்ரன் பின்கட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம், இன்றைக்கு அந்த முடிவைச் சொல்லிவிடுவாள் என்று பயந்துகொண்டிருப்பாள். நல்ல வேளையாக எப்போதும் யாருக்காவது வலி எடுத்துவிடும்.

எட்டு வருஷம் கழித்து, சண்டைக் காலத்தில் யூனிஸ் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனாள். போகிற அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பின்கட்டுக்கும் வந்தாள். அல்போன்சா சுவரோரம் எழுந்து நின்றாள். யூனிஸ் ஏதோ நினைத்துக்கொண்டவள் போல வாயைத் திறந்தாள். அல்போன்சா சட்டென்று குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினாள். புகை எழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.